உஸ் ஐயாவும் கொழுந்துத் தராசும்

பிள்ளைகளே, ஒரு வயரோடு சண்டை பிடித்து, கடைசியில் அந்த வயரிடமே மன்னிப்புக் கேட்ட மனிதர் இந்த மலைநாட்டில் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. உஸ் ஐயா என்போம்.

எண்பதுகளின் கடைசி. பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பழைய தொங்கு தராசைக் கழற்றிவிட்டு மின்தராசு வைத்தார்கள். அது காட்டும் எடை, ஒரு வயர் வழியாக ஒவ்வொரு இலக்கமாக, பக்கத்து அறை யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்குப் போகும். அதைப் பார்த்துக்கொள்ள அட்டனிலிருந்து வந்தவர் அவர். வயரில் காதை வைத்துக் கேட்பார். யாராவது இருமினால் "உஸ்" என்பார். கூரையில் விழும் மழைக்கும் ஒரு உஸ்.

நான் தராசில் கொழுந்துச் சாக்கு தூக்கி வைப்பவன். ஒரு நாள் அந்தி நிறுவையில் உங்கள் அம்மாவின் சாக்கை வைத்தேன். தராசில் பதினெட்டு கிலோ. கம்ப்யூட்டர் திரையில் எட்டு. அடுத்தவளின் இருபத்தொன்று வெறும் இரண்டாகப் போனது. கையால் எழுதக்கூடாது, திரையில் வந்ததுதான் கணக்கு என்று தோட்டத்தை நடத்தும் துரையின் உத்தரவு. எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். துரை வந்து கணக்கை முடித்துவிட்டால் மாற்ற முடியாது. பெண்கள் மடுவத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

உஸ் ஐயா வயரை வெட்டினார், ஒட்டினார், பொய் சொல்கிறாயா என்று திட்டினார். புது வயர் போட்டும் அதே கதை. ஈரக் கொழுந்து சொட்டச் சொட்ட எடை மாறுகிறது, மாறாத எடை ஒன்று வேண்டும் என்றார். உங்கள் அம்மா விறுவிறுவென்று தராசில் ஏறி நின்றாள். தராசில் நாற்பத்தைந்து. திரையில் ஐந்து.

"என்னாடி, பொறந்த புள்ளயாட்டம் இருக்க" என்றாள் பின்னால் ஒருத்தி.

"சிரிடி. அடுத்தது ஒஞ் சாக்குதான்."

அவளை மறுபடி எடைபோட்டார். இப்போது திரையில் நான்கு. உஸ் ஐயா வயரை விட்டுவிட்டுத் திரும்பினார். "நாலு ஒருக்கா, அஞ்சு ஒருக்கா. வயரு பொய் சொல்லல. நடுவுல யாரோ புடுங்குறான்."

தராசைக் கழற்றி, அதே வயரில் ஒரு திரையை மாட்டினார். உள்ளே வர வேண்டுமானால் பேரைச் சொல் என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காலையில் துரைக்கு வேடிக்கை காட்ட அந்த வயரில்தான் இன்னொரு திரையை மாட்டியிருந்தார். ஆளை விசாரித்து உள்ளே விடும் காவல் புரோகிராமை அதற்காகத் திறந்தவர், மூட மறந்திருந்தார். தராசு அனுப்பிய இலக்கங்களில் பாதியை, யாரோ பேர் சொல்கிறார்கள் என்று அது பிடுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே துரையின் ஜீப் வந்து நின்றது. உஸ் ஐயா அவசரமாகத் தட்டி அந்தக் காவலை மூடினார், தராசைத் திரும்ப மாட்டினார், வெளியே வந்தார்.

"தப்பு வயருல இல்லங்க. எம் மேலதான். எல்லாரும் திரும்ப நிறுங்க."

குவிந்த கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும், நேரமில்லை என்று துரை ஆரம்பித்தார். உஸ் ஐயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உஸ். நிறுவை நடக்குது."

துரை வாயை மூடிக்கொண்டார். உங்கள் அம்மாவின் சாக்கு ஏறியது. திரையில் ஒன்று வந்தது. எல்லாரும் திரையை எட்டிப் பார்த்தோம். பக்கத்தில் எட்டும் வந்தது.

எல்லாரும் போன பிறகு, தரையில் கிடந்த வெட்டுப்பட்ட பழைய வயரை எடுத்துத் துடைத்து, "கோவிச்சுக்காத" என்றார்.

இன்றைக்கும் உங்களில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் நடுவில் புகுந்தால், உங்கள் அம்மா விரலை உதட்டில் வைத்து "உஸ்" என்பாள். அதட்டுகிறாள் என்று நினைக்காதீர்கள். ஒருவரை நினைத்துக்கொள்கிறாள்.