மூன்றாவது டிரம்

மனித நாகரிகம் மூன்று பெரும் பாய்ச்சல்களில் முன்னேறியது. முதலில் நெருப்பு. அடுத்து சக்கரம். மூன்றாவது, நைஜீரியாவின் உகெல்லி கிழக்கு கொல்லைக்குளக் கெளுத்தி வளர்ப்போர் சங்கத்தில், ஒரு வியாழக்கிழமை, தொடக்க ஜெபத்துக்கும் முடிவு ஜெபத்துக்கும் நடுவே ஏகமனதாக நிறைவேறியது. முதல் இரண்டுக்கும் தீர்மானம் கொண்டுவந்தவர் பெயர் தெரியவில்லை. மூன்றாவதற்குத் தெரியும். சங்கத் தலைவர், பட்டம் பெற்ற பெரிய மனிதர், சீஃப் ஓமோனிகோ.

இந்தப் பாய்ச்சலுக்குக் காரணமாக இருக்கும் பாக்கியம் ஃபிரிட்ஜ் மெக்கானிக் எடாஃபேக்குக் கிடைத்தது. அவன் கேட்டு வாங்கிய பாக்கியம் அல்ல.

எடாஃபேயின் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டிய குளம் ஒன்றும், அதில் முந்நூறு கெளுத்தியும் இருந்தன. பக்கத்தில் அவனே செய்த வடிகட்டி. இரண்டு நீல டிரம். முதல் டிரம்மில் கிழிந்த மெத்தையின் பஞ்சு. இரண்டாவதில் மூன்று மூட்டை பிளாஸ்டிக் பாட்டில் மூடி. மூடிகள் எல்லாம் அவன் மனைவி எலோஹோவின் மிளகு சூப் கடையில் பொறுக்கியவை. ஒரு பழைய மோட்டார் குளத்துத் தண்ணீரை மேலே ஏற்றும். அது பஞ்சில் இறங்கி, மூடிகளில் புரண்டு, திரும்பக் குளத்தில் விழும். பார்க்கத் தண்ணீர் கடுந்தேநீர் நிறம். மூடிகள்மேல் பழுப்பாக ஒரு வழவழப்பு. மீன்கள் மட்டும் முழங்கை கனம்.

இன்னும் ஒரு மாதத்தில் விற்றுவிடலாம். அந்தக் காசில்தான் மகள் ருமே நர்சிங் பள்ளியில் சேரவேண்டும். ஆனால் மீன் உயிரோடு துள்ளவேண்டும். செத்த கெளுத்தியை உகெல்லியில் பூனைகூட விலை கேட்காது.

தலைநகரிலிருந்து வந்த ஓர் அதிகாரி அந்த வடிகட்டியைப் பாராட்ட விரும்பி, உள்ளே விரலை விட்டு ஒரு மூடியைத் தொட்டார்.

“என்னப்பா இது?”

“வழவழப்பு சார்.”

அதிகாரி விரலைத் துடைக்க அருகிலிருந்த துணியைத் தேடினார். அருகிலிருந்தது சீஃப் ஓமோனிகோவின் வெள்ளை அங்கி.

அந்த வியாழக்கிழமை சீஃப் வேறு அங்கியில் எழுந்து நின்றார். “எல்லா மரியாதையும் செலுத்தினதா வெச்சுக்குவோம்” என்று தொடங்கினார். பிறகு இருபது நிமிடம் ஒவ்வொருவருக்காக மரியாதை செலுத்தினார்.

“வடிகட்டி எதுக்கு? சுத்தம் பண்ண. சுத்தம் பண்ற சாமானே அழுக்கா இருந்தா அது வடிகட்டியா? ஊத்தை சோப்பு போட்டு யாராவது குளிப்பீங்களா?”

சங்கத்தில் சீஃபோடு சேர்த்து நாற்பது உறுப்பினர்கள். அவரும் எடாஃபேயும் தவிர எல்லோரும் கைதட்டினார்கள். எடாஃபே எழுந்தான்.

“சீஃப், அது அழுக்கில்ல. அந்த வழவழப்புல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு. மீன் கழிக்குற விஷத்தை அதுங்கதான் திங்குது. கழுவுனா செத்துரும். அப்புறம் கொஞ்ச நாள்ல மீனும் செத்துரும்.”

“கண்ணுக்குத் தெரியாத உயிரு?”

“ஆமா சீஃப்.”

“சங்கத்துல சந்தா கட்டுதா?”

“இல்ல சீஃப்.”

“சந்தா கட்டாதவங்களுக்காக இங்க யாரும் வாதாட முடியாது. உக்காரு தம்பி.”

இவ்வாறு உயிரியலும் ஜனநாயகமும் ஒரே மேடையில் சந்தித்து, ஜனநாயகம் வென்றது. சனிக்கிழமைதோறும் எல்லா வடிகட்டியும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவப்படும். செயலாளர் தெஜிரி வெள்ளைக் கையுறை மாட்டி வீடுவீடாக வந்து ‘விரல் பரிசோதனை’ நடத்துவார். விரல் பழுப்பானால் சங்க அட்டை பறிக்கப்படும். அட்டை இல்லாதவன் உயிர்மீன் சந்தையின் வாசலைத் தாண்டமுடியாது. தீர்மானத்தை ஆதரித்து முப்பத்தொன்பது பேரும் “சரி சீஃப்” என்றார்கள். எடாஃபேயும் சொன்னான். அவன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்தவனின் முகத்தைப் பார்த்துவிட்டு எலோஹோ அடுப்பைத் தணித்தாள்.

“என்ன ருமே அப்பா, யாரு செத்தா?”

“இன்னும் சாகல. கழுவுனா மீன் போயிரும். கழுவலன்னா அட்டை போயிரும்.”

“உங்களுக்கு எது வேணும்?”

“ரெண்டும் வேணும்.”

“அப்ப ரெண்டு வடிகட்டி வைங்க. அவங்க பாக்க ஒண்ணு, மீனுக்கு ஒண்ணு. கடையில சூப்பு ஊத்தக்கூட விருந்தாளிக்குத் தனிக் கிண்ணம் வெச்சிருக்கேன், இது தெரியலையா?”

மறுநாளே மீன்களும் வழவழப்பும் குளியலறைக்குப் பின்னால், தகரக் கூரைக்கு அடியில், புதிய தார்ப்பாய்க்குக் குடிபோயின. முற்றத்துக் குளத்தில் குழாய்த் தண்ணீர் நிறைந்தது. பக்கத்தில் புது டிரம், புது மூடி. ஒரு மீன்கூட இல்லாததால் தண்ணீர் தேவாலயத்துக் கண்ணாடிபோல் இருந்தது.

சனிக்கிழமை தெஜிரி வந்தார். படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள். டிரம்மின் நிறம், மூடியின் பளபளப்பு, குளத்தின் அடி தெரிகிறதா, உரிமையாளர் சிரித்த முகமாக வரவேற்றாரா. மீனுக்கென்று ஒரு கட்டம் இல்லை. கையுறை விரல் வெள்ளையாகவே திரும்பியது. “மிகச் சிறப்பு” என்று முத்திரை குத்தினார். ஆனால் கிளம்பவில்லை. கையுறையைக் கழற்றி, மடித்து, சூப் கடைப் பக்கம் நகர்ந்தார்.

“மேடம், உங்ககிட்ட பழைய மூடி இருக்குன்னு சொன்னாங்க.”

“எந்த மூடி?”

“அதான்... அழுக்கு மூடி.” குரல் இறங்கியது. “எங்க வீட்டுலயும் பின்னாடி ஒண்ணு வெச்சேன். புது மூடியில வழவழப்பு பிடிக்க ஒரு மாசம் ஆகுமாமே. கொஞ்சம் உறை குத்தக் குடுங்களேன்.”

எலோஹோ பால் டின்னால் ஒரு அளவு அள்ளி, மூக்கருகே நீட்டினாள்.

“இதுல பாதி வெளுப்பா இருக்கே மேடம். விலையைக் குறைச்சுக்குங்க.”

“வெளுப்பா? நல்லா பாருங்க செயலாளரே. அஞ்சு மாசத்து அழுக்கு. இந்த ஊருல இவ்வளவு முத்தின அழுக்கு வேற யாருகிட்ட இருக்கு? கையுறை போட்டுத் தொட்டுப் பாருங்களேன்.”

“சரி சரி, மேல கொஞ்சம் கொசுறு போடுங்க.”

“சுத்தமான மூடின்னா ஒரு மூட்டை சும்மா தர்றேன். அழுக்குல கொசுறு கிடையாது.”

மூன்று வாரத்தில் எலோஹோ சூப்பைவிட அழுக்கை அதிகம் விற்றாள். முப்பத்தொன்பது வீடுகளில் முன்னால் ஒரு குளம், பின்னால் ஒரு குளம். முன்னால் தூய்மை, பின்னால் மீன். சங்கத்தின் வரலாற்றில் இத்தகைய ஒற்றுமை அதற்கு முன் காணப்பட்டதில்லை.

நாற்பதாவது வீடு சீஃப் ஓமோனிகோவுடையது. அவர் ஒருவரே தீர்மானத்தை நம்பினார். ஊருக்கு முன்மாதிரியாக வாரம் மூன்றுமுறை கழுவச் சொன்னார். எண்ணூறு மீனும் முதலில் மேலே வந்து வாயைப் பிளந்தன; அதைத் தலைவருக்குச் செலுத்தும் வணக்கமாக அவர் ஏற்றுக்கொண்டார். வியாழக்கிழமை காலை குளத்தின் அடி தெளிவாகத் தெரிந்தது. அடியில் கிடந்த எண்ணூறும் தெளிவாகத் தெரிந்தன.

சனிக்கிழமை அவருடைய மாமியாரின் அடக்கம். மூத்த மருமகன் விருந்துக்கு மீன் கொண்டுவருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் சீஃப் டிரைவர் இல்லாமல், கறுப்புக் கண்ணாடியோடு எடாஃபேயின் முற்றத்துக்கு வந்தார். எடாஃபே, பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று சத்தமாக இருமினான். சீஃப் முற்றத்துக் குளத்தைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எடாஃபே, மீன் எங்கய்யா?”

“மீனா சீஃப்? மீன் விட்டா தண்ணி அழுக்காயிருமே. மிகச் சிறப்புன்னு முத்திரை வேற குத்தியாச்சு.”

“தம்பி, நான் தலைவரா வரல. மருமகனா வந்திருக்கேன். என் சகலை ரெண்டு மாட்டோட மேளம் வெச்சு வர்றான். நான் வெறுங்கையோட போனா இனி அந்த வீட்டுல எனக்கு நாற்காலி போட மாட்டாங்க.” கண்ணாடியைக் கழற்றினார். “உன் கால்ல விழாத குறையா கேக்கறேன். அழுக்குத் தண்ணி எங்க இருக்கு?”

எடாஃபே எலோஹோவைப் பார்த்தான். எலோஹோ சூப்புக் கரண்டியால் குளியலறைப் பக்கம் காட்டினாள். “அட்டையை மொதல்ல எங்க கையில குடுத்து, பறிக்க மாட்டேன்னு சொல்லச் சொல்லுங்க” என்றாள். அட்டை ஏற்கெனவே எடாஃபேயின் பையில்தான் இருந்தது. இருந்தாலும் சீஃப் சத்தியம் செய்தார்.

தகரத்தைத் தூக்கியதும் முந்நூறு கெளுத்தி தண்ணீரை அடித்துச் சீஃபின் அங்கியெல்லாம் பழுப்பாக்கின. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. டிரம்முக்குள் கையை விட்டு, ஒரு மூடியை எடுத்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“என்ன அருமையான அழுக்கு” என்றார்.

முந்நூறும் நல்ல விலைக்குத் துள்ளத் துள்ளப் போயின. ருமே நர்சிங் பள்ளியில் சேர்ந்தாள். அடக்கத்தில் சகலையின் மாடுகளை யாரும் பேசவில்லையாம்.

அடுத்த வியாழக்கிழமை சீஃப் எழுந்து நின்றார். தூய்மைத் திட்டத்தின் வெற்றியை உகெல்லி முழுவதும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பின்கொல்லைகளிலும் சில வடிகட்டிகள் இருப்பதாகத் தம் கவனத்துக்கு வந்திருப்பதாகவும், சங்கம் அவற்றைப் பரந்த மனத்தோடு அங்கீகரிப்பதாகவும் அறிவித்தார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

“ஆகவே, இனி அதையும் சனிக்கிழமை தோறும் கழுவணும்.”

“சரி சீஃப்” என்றார்கள் முப்பத்தொன்பது பேரும்.

பின்கொல்லைத் தார்ப்பாயில் புது மீன்குஞ்சு விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எடாஃபே வீட்டுக்கு வந்தபோது எலோஹோ ஒரு நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். தெஜிரியின் மனைவி அதற்குள் செய்தி சொல்லி, இரண்டு டின் அழுக்குக்கு முன்பணமும் கொடுத்துப் போயிருந்தாள்.

“மூணாவதை எங்க ஒளிக்கிறது எலோ? முன்னாடியும் பாத்துருவாங்க, பின்னாடியும் பாத்துருவாங்க.”

“நடுவுலயே வைங்க” என்றாள் எலோஹோ. “படிவத்துல முன்னாடிக்கும் பின்னாடிக்கும்தான் கட்டம் இருக்கும், நடுவுக்கு இல்ல. வந்து பாக்கட்டும். மீன் உயிரோட இருக்கான்னு மட்டும் ஒருத்தரும் பாக்க மாட்டாங்க.”