ஒத்தப்பனும் மருமகன் பட்டியலும்

திருப்பூரில் பனியனே போடாத மனிதரைக்கூடப் பார்த்துவிடலாம். ஒத்தப்பனிடம் பாடம் கேட்காத மனிதரைப் பார்க்க முடியாது.

தொண்ணூறுகளின் கடைசி. காதர்பேட்டைக்குப் பின்னால் ஓர் ஏற்றுமதி கம்பெனி. நூல் தூசி மிதக்கும் மாடியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஒத்தப்பன் அதில் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் கிளாஸ், இன்டர்ஃபேஸ் என்று பிரித்துப் புரோகிராம் எழுதுவார். பக்கத்து நாற்காலியில் உதவிக்கு நான். "கிளாஸுக்கு அப்பன் ஒண்ணுதானுங்க. இன்டர்ஃபேஸ் எத்தனை வேணாலும் ஏத்துக்கலாம்" என்று அயர்ன் மாஸ்டர் முதல் வாட்ச்மேன் வரை சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது.

கல்யாணத்தில் "பொண்ணு ஊடா, மாப்பிள்ளை ஊடா?" என்று கேட்டால், "ரெண்டையும் ஏத்துக்கறேனுங்க" என்பார். இரண்டு பந்தியிலும் உட்காருவார்.

ஒருநாள் முதலாளி மாடியேறி வந்தார். பின்னால் கார் சாவியோடு அவருடைய மருமகன், அவர்தான் மேனேஜர். முதலாளி கையில் ஒத்தப்பன் எழுதிய புரோகிராமின் அச்சுத்தாள். அதில் 'நூல் வாங்கு, சாயம் போடு, தை, அனுப்பு' என்று இருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

"ஏனுங்க தம்பி, வெறும் பேரா இருக்குது. வேலை எங்க?"

"இதுல வேலை இருக்காதுங்க. இது இன்டர்ஃபேஸ்."

"அப்போ சம்பளமும் வெறும் பேராவே இருக்கட்டும். நாளையிலருந்து ரெண்டு பேரும் வர வேண்டாம்."

என் நாற்காலி காற்றில் நின்றது.

"பேரெழுதுனது நானுங்க. இந்தப் பொண்ணு வேலைக்கு வரட்டும்" என்ற ஒத்தப்பன் கண்ணாடியைத் துடைத்தார். "கிளாஸுன்னா உங்களாட்டங்க. உங்கப்பாருகிட்ட இருந்து தோட்டம் வந்துச்சு, கோவமும் கூடவே வந்துச்சு. இன்டர்ஃபேஸுன்னா மருமவனுங்க."

சாவி கீழே விழுந்தது.

"மருமவன் என்னென்ன செய்யோணும்னு பட்டியல் மட்டும் குடுப்பாங்க. எப்படிச் செய்யறதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. ஏத்துக்கிட்டவன்தான் உள்ளே எழுதிக்கோணும். ஒண்ணு உட்டாலும் செல்லாதுங்க."

"நெசந்தானுங்க மாமா" என்றார் மருமகன். மாமனார் முன்னால் அவர் குரலை அன்றுதான் கேட்டோம்.

முதலாளி தாளை மேலிருந்து மறுபடி படித்தார். அவரும் ஒரு வீட்டுக்கு மருமகன்தானே.

"எங்க மாமனாரும் இப்படித்தான் குடுத்தாருங்க தம்பி" என்றவர் தாளை மடிக்காமல் மேசையில் வைத்தார். "ரெண்டு பேரும் இருந்து எழுதுங்க."

அன்று சாயங்காலமும் ஒத்தப்பன் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். ஊத்துக்குளி ரயிலில் நான் ஏறும்வரை பிளாட்பாரத்துச் சுண்டல்காரருக்கு அப்பன் பாடம் எடுத்தார். தினமும் அப்படித்தான்.

அண்ணன் என்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று நான் அவரிடம் பட்டியல் கொடுத்ததே இல்லை. அவர் ஒன்றைக்கூட விடவில்லை.