கடல் அண்ணனும் காலை ப்ளேன்டீயும்

யட்டியாந்தோட்டையில் எந்த த்ரீவீலில் ஏறினாலும் வீடு போய்ச் சேரலாம். ‘கடல்’ அண்ணனின் வண்டியில் ஏறினால் மட்டும் தென்துருவம் வழியாகத்தான் போக வேண்டும். ஸ்டாண்டில் சும்மா இருக்கும் நேரமெல்லாம் போனில் கடல் வீடியோ பார்ப்பார். பார்த்ததை அடுத்து ஏறுகிறவர் தலையில் கட்டுவார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

மழைக்கு ஆறு சிவந்து ஓடினால் தொலைந்தோம். பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிடும்.

“பாருங்க கிளாக்கர் சார், இரும்பு போகுது!”

“எனக்கு ஆபீஸுக்கு நேரம் போகுது அண்ணே.”

“இந்த இரும்பு கரையோரக் கடலோட நின்னுரும் சார். தெற்குக் கடல் பாவம். உரமெல்லாம் இருக்கு, இரும்புதான் இல்ல. பாலைவனத் தூசி பறந்து விழணும், ஐஸ் உருகி வரணும். வந்துச்சுன்னா கண்ணுக்குத் தெரியாத பாசியெல்லாம் பச்சைப்பசேல்னு வளந்து கரியமில வாயுவ இழுத்துக்கும். செத்து அடியாழத்துக்குப் போறப்போ அந்த வாயுவுல கொஞ்சத்தையும் கொண்டு போயிரும்.”

பின்னால் பஸ் கண்டக்டர் “யமுகோ அய்யே!” என்று போகச் சொல்லிக் கத்துவார். இவர் இறங்கிப்போய் அவருக்கும் சிங்களத்தில் விளக்குவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

என் மனைவி செல்வி ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, இரும்பு மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. “இப்படியே போனா பிரசவம் ஆபத்து” என்று கிளினிக்கில் டாக்டரம்மா சொன்னார். செல்வியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் கிடைத்தது கடல் அண்ணனின் வண்டி. பாலம் வந்தது. நிறுத்தினார்.

“அவ்வளவு அக்கறைன்னா ஒரு லொறி பழைய இரும்ப அந்தக் கடல்ல கொட்டித் தொலைங்களேன்!” என்று கத்தினேன்.

“துருவாகி அடியில போயிரும் சார். இரும்பு இருந்தாப் பத்தாது, பாசி எடுத்துக்குற மாதிரி கரைஞ்சு நிக்கணும்...” சட்டென்று நிறுத்தினார். அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன். பின்னால் திரும்பினார். “தங்கச்சி, மாத்திரைய எதோட குடிக்கிறீங்க?”

“பால் போடாத ப்ளேன்டீயோடதான் அண்ணே.”

“அட கடவுளே! தேயிலைச் சாயம் இரும்ப அமுக்கிப் புடிச்சிக்கும்மா. ஒடம்புக்கு எப்படிப் போகும்?”

“டீ வேணாம்னு கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியும் சொன்னாங்க. ப்ளேன்டீ தண்ணி மாதிரிதானேன்னு நெனச்சேன்” என்றாள் செல்வி. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் வேறெப்படி நினைப்பாள்?

மறுநாள் தொடங்கியது தொல்லை. காலை ஆறு மணிக்குக் குவார்ட்டர்ஸ் வாசலில் ஹோர்ன். எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்பார். “புளிப்புலதான் இரும்பு கரைஞ்சு நிக்கும்” என்பார். அவர் கண்முன்னே எலுமிச்சைத் தண்ணீரில் செல்வி மாத்திரையை விழுங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குத் தேத்தண்ணி கிடையாது. என் கோப்பையையும் பிடுங்கி வைத்தார்.

“நானா அண்ணே புள்ள பெத்துக்கப் போறேன்?”

“வாசம் வந்தா தங்கச்சிக்கு ஆசை வரும் சார்.”

ஒரு நாள் தவறவில்லை மனுஷன். ஆறு வாரத்தில் ரத்தம் ஏறியது. சுகப்பிரசவம், பெண் குழந்தை. பார்க்க வந்த கடல் அண்ணன் தொட்டிலைக் குனிந்து பார்த்து, “தெற்குக் கடலுக்கும் இப்படி ஒரு எலுமிச்சம்பழம் கெடைச்சா...” என்று ஆரம்பித்தார். வார்டிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போனேன்.

போன வாரம் அவருக்குக் காய்ச்சல். மகளை நர்சரிக்குக் கூட்டிப்போக வேறு வண்டி பிடித்தேன். ஆறு சிவந்து ஓடிக்கொண்டிருந்தது. வண்டியோட்டிய பையன் ஒரே மூச்சில் பாலத்தைத் தாண்டிவிட்டான். எனக்கு என்னவோ போலிருந்தது.

“தம்பி, வண்டியத் திருப்புங்க” என்றேன். “பாலத்துல கொஞ்சம் நின்னுட்டுப் போவோம்.”