லா இல்லாத ஐந்து நாள்

"இந்த நிமிடத்திலிருந்து 'லா' கூடாது. 'லோ', 'லே', 'ஆ' எதுவுமே கூடாது. நல்ல ஆங்கிலம் மட்டும்தான். புரிகிறதா, திரு. குவெக்?"

"புரியுது லா," என்றார் குவெக் பூன் ஹொக்.

சிங்கப்பூர்க்காரர்கள் பேச்சில் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் அந்த 'லா'வைக் கேட்டு மிஸ் ஜொவினா கண்ணை இறுக மூடித் திறந்தாள். அவளுக்கு முப்பத்தோரு வயது. மெல்பர்னில் படித்துவிட்டு வந்து எட்டு மாதமாக அந்த அஸ்தி மண்டபத்துக்கு மேலாளர். பூன் ஹொக்குக்கு அறுபத்திரண்டு. அங்கே மாடங்களில் அஸ்தி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு போன் போட்டுப் பேசுவதுதான் இருபது வருஷமாக அவருக்கு வேலை.

பழைய மண்டபத்தை இடிக்கப் போகிறார்கள். நாலு தெரு தள்ளிப் புதுக் கட்டடம், முழுக்க ஏசி. குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அஸ்தி அங்கே போகும், போடாவிட்டால் கடலுக்குப் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் படகு. சனிக்கிழமை சீனர்களின் ஏழாம் மாதம் பிறக்கிறது, பேய்களெல்லாம் ஊருக்குள் வந்துவிடும். அந்த மாதத்தில் சிங்கப்பூரில் உயிரோடு இருப்பவனே வீடு மாற மாட்டான், செத்தவனை யார் மாற்றுவார்கள்?

ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களில் பதினொன்றுதான் பாக்கி. மற்றதையெல்லாம் பூன் ஹொக் பேசியே முடித்திருந்தார். அவர் பேச்சு எப்போதும் ஒரே பேச்சுதான்.

"ஹலோ, சாப்டாச்சா? வீடு மாறணும் லா. புது எடம், ஏசி போட்டது, ஜில்லுனு இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள ரெடியா இருங்க, ஆ."

தான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் வரும். கேட்கிறவர்கள் முதலில் திகைப்பார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு கொஞ்சம் அழுதுவிட்டுக் கையெழுத்துப் போட வருவார்கள்.

"அப்படிப் பேசித்தான் இது வந்திருக்கிறது," என்று ஜொவினா ஒரு தாளை எடுத்தாள். எழுதியவரின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படித்தாள். "'அந்த மனிதர் என்னிடம் போனில் இப்படியெல்லாம் பேசுவது நன்றாக இல்லை. கண்டித்துவையுங்கள். மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை.' இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

பூன் ஹொக்குக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. இருபது வருஷத்தில் அவர் மேல் வந்த முதல் புகார். அதுவும் துக்கத்தில் இருக்கிற யாரோ ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நாள். பதினொன்றும் முடிந்து, ஒரு 'லா'வும் வராமல் இருந்தால் கையெழுத்திடுவேன். வந்தால், மன்னிக்கவும்."

அறுபத்திரண்டு வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? சாப்பாட்டு அங்காடியில் எச்சில் தட்டு எடுக்கலாம், அதற்கு முட்டி ஒத்துழைக்காது. வீட்டில் உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் தானும் ஒரு மாடத்துக்குப் போய்விடுவோம் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை ஜொவினா எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு முதல் போன் போட்டார். அந்த நல்ல ஆங்கிலத்தை நம் மொழியில் சொன்னால் பள்ளிக்கூட ஆண்டு விழா வரவேற்புரை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"வணக்கம். தங்கள் அன்புக்குரியவரின் அஸ்தி தொடர்பாகத் தங்களுடன் உரையாட விழைகிறேன்."

"எந்த ஊர்லேருந்துடா அடிக்கிற? எங்க ஊர்க்காரன் எவன் இப்படிப் பேசுறான்?" டக்கென்று வைத்துவிட்டான்.

இரண்டாவது ஒரு பெண்மணி. "நேத்து போலீஸ்னு ஒருத்தன், முந்தாநாள் பேங்க்குன்னு ஒருத்தி. இன்னைக்கு அஸ்தியா? ஒங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லையா லா?"

மூன்றாவது ஆள் மட்டும் பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டார். பூன் ஹொக்குக்கு உயிர் வந்தது. கடைசியில் அவரே சொன்னார், "மோசடிக்காரன்கிட்ட பேசிக்கிட்டே இருந்தா, அந்த நேரத்துல அவன் இன்னொருத்தன ஏமாத்த முடியாதாம். அதான் கேட்டுக்கிட்டிருந்தேன். சரி, எனக்கு மார்க்கெட் போகணும்."

வரவேற்பு மேசையில் இருந்த ஹயாத்திக்குப் பாவமாக இருந்தது. "அங்கிள், சும்மா சொன்னா யார் நம்புவா? செத்தவங்க பேரு, செத்த தேதி, மாடத்து நம்பர், எல்லாத்தையும் சொல்லுங்க. அப்ப நம்புவாங்க."

நல்ல யோசனைதான். புதன்கிழமை அப்படியே சொன்னார்.

"எங்கம்மா செத்த தேதி உனக்கெப்படிடா தெரியும்?" என்று அந்தப் பக்கம் ஒருவர் அலறினார். "அடையாள அட்டை நம்பரையும் திருடிட்டியா? இரு, இப்பவே போலீசுக்குச் சொல்றேன்!"

அப்படிச் சொன்னவர்கள் மொத்தம் ஐந்து பேர். சாயங்காலத்துக்குள் மண்டபத்திலிருந்து யாருக்கு போன் போட்டாலும் திரையில் சிவப்பாக 'மோசடி' என்று வர ஆரம்பித்துவிட்டது. ஜொவினா தன் அம்மாவைக் கூப்பிட்டாள், அம்மாவே எடுக்கவில்லை.

வீட்டில் நாக்கை அவிழ்த்துவிட்டால் மறுநாள் ஆபீசில் வழுக்கிவிடும் என்று பூன் ஹொக்குக்குப் பயம். அதனால் வீட்டிலும் நல்ல ஆங்கிலமே பேசினார். மனைவி சியூ எங் கஞ்சியும் உப்பு முட்டையும் கொண்டுவந்து வைத்தாள்.

"மிக்க நன்றி. இது மிகவும் சுவையாக உள்ளது."

சியூ எங்கின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "டாக்டர்கிட்ட போனியா?"

"இல்லை. நான் நலமாக இருக்கிறேன். தாங்கள் கவலைப்பட வேண்டாம்."

"ஐயோ, முத்திப்போச்சா?"

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் அப்படிப் பேசியவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அவள் அப்பாவைக் கைவிட்ட டாக்டர், இன்னொருவர் அவள் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பிய நீதிபதி. சியூ எங் உடனே தன் அக்காவுக்கு போன் போட்டாள். அக்கா கறுப்புக்கோழி சூப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்து அழ, பூன் ஹொக் ஒரு பானை சூப்பையும் குடித்துத் தீர்த்தார்.

"எத்தன மாசம்னு சொன்னாங்க? எங்கிட்ட மறைக்காத," என்றாள் சியூ எங்.

ஒன்றுமில்லை லா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நிம்மதியாகிவிடுவாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியவில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க அவருக்கும் கண் கலங்கியது. அதைப் பார்த்து அவள் இன்னும் பெரிதாக அழுதாள்.

வியாழக்கிழமை காலை மண்டபத்துக்குப் போலீஸ் வந்தது. சார்ஜெண்ட் முகிலன், கூட ஒரு கான்ஸ்டபிள்.

ஜொவினா பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பூன் ஹொக் கால் மணி நேரம் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். விளக்க விளக்க சார்ஜெண்ட் அதிகமாக எழுதிக்கொண்டார்.

"சரி, நீங்க எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?"

பூன் ஹொக்குக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன சார் பாஸ்போர்ட்டு! நான் இங்கயே ஜாலான் புசார்ல பொறந்தவன் லா! ரெண்டரை வருஷம் ஆர்மில காட்டுலயும் சேத்துலயும் கெடந்தவன் லா! என்னப் பாத்தா இந்தக் கேள்வி?"

சார்ஜெண்ட் நோட்டை மூடிவிட்டார். "அட, நம்மாளு. மொதல்லயே இப்படிப் பேசக்கூடாதா அங்கிள்?"

போகும்போது இருவரும் ஆளுக்கொரு பாக்கெட் சாமந்தி டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

"இரண்டு 'லா', திரு. குவெக்," என்றாள் ஜொவினா. "காவல்துறையிடம் சொன்னதால் விட்டுவிடுகிறேன். இதுவே கடைசி எச்சரிக்கை."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூன் ஹொக் கட்டடத்தின் பின்னால் போய், பெரிய குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, சொந்தக் கைப்பேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சாப்டாச்சா, வீடு மாறணும் லா. பழைய பேச்சேதான். நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆனால் ஐந்து மணிக்குள் பத்து குடும்பங்கள் வந்து வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டன. போலீசுக்குச் சொல்வேன் என்று அலறியவர் ஒரு பெட்டி ஆரஞ்சோடு வந்தார்.

"பார்த்தீர்களா, நல்ல ஆங்கிலத்தின் பலனை?" என்று ஜொவினாவுக்கு ஒரே பூரிப்பு.

இருபது வருஷமாக நேர்மையாகச் செய்த வேலையைத் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியதாகிவிட்டதே என்று வீடு போகிற வரைக்கும் பூன் ஹொக்குக்கு மனசு அறுத்தது.

பாக்கி ஒன்று, தோ பாயோவில் இருக்கும் மேடம் யோ. போன வாரம் ஒரு தடவை எடுத்தாள். அவர் தான் யாரென்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எந்த நம்பரிலிருந்து கூப்பிட்டும் எடுக்கவேயில்லை.

"நேரில் போவோம். நானும் வருகிறேன்," என்றாள் ஜொவினா.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. கொட்டுகிற மழை. ஒன்பதாவது மாடித் தாழ்வாரத்தில் சாரல் அடித்து இருவரும் நனைந்து நின்றார்கள். ஒப்பந்தத் தாள் ஜொவினாவின் பைக்குள் இருந்தது. மரக்கதவு கொஞ்சம் திறந்தது. இரும்புக் கதவின் கம்பிகளுக்குப் பின்னால் எழுபத்தெட்டு வயது மேடம் யோ தெரிந்தாள், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சர்ச்சுக்கு வரல. தண்ணி சுத்தம் பண்ற மிஷினும் வேணாம்."

பூன் ஹொக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வணக்கம், அம்மையீர். தங்கள் மறைந்த கணவர் திரு. ஹெங் அவர்களின் அஸ்தியை இடமாற்றம் செய்வது குறித்து..."

"ஸ்கேமு! இப்ப வீட்டுக்கே வந்துட்டீங்களா?"

"அம்மையீர், தயவுசெய்து தாங்கள்..."

மரக்கதவு சாத்திக்கொண்டே வந்தது.

அந்த ஹெங்கை பூன் ஹொக்குக்குத் தெரியும். நாலாவது வரிசை, ஜன்னல் ஓரம். பதினோரு வருஷமாக மாடத்தின் மேலிருக்கும் அவர் படத்தைத் துடைத்திருக்கிறார். பஸ் டிரைவர் சட்டை போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஆள். இன்னும் இரண்டு மணி நேரத்தில், யாரும் வேண்டாமென்று சொல்லாமலே, அந்த மனுஷன் கடலுக்குப் போய்விடுவார். பூன் ஹொக் ஒரு தடவை ஜொவினாவின் பையைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

"கதவச் சாத்தாதீங்க லா!" என்று கத்தினார். "சாப்டாச்சா? வீடு மாறணும் லா! புது எடம், ஏசி போட்டது, ஜில்லுனு இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள ரெடியா இருங்கன்னு சொன்னேன்ல? இன்னைக்குத்தான் லா வெள்ளிக்கிழம!"

கதவு நின்றது.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள் மேடம் யோ.

சொன்னார். அவள் சாவியைத் தேடி எடுத்து இரும்புக் கதவைத் திறந்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நீயா அது? குள்ளமா இருக்க." அவள் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது.

அப்புறம் பூன் ஹொக் எல்லாவற்றையும் நிதானமாக, லா போட்டு, ஆ போட்டு விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டே அழுதாள், நடுவில் ஒரு தடவை சிரித்தாள். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு கையெழுத்திட்டாள். மணி மூன்று நாற்பது.

ஜொவினா தாளைப் பத்திரப்படுத்தினாள். ஒப்பந்தத்தை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

"திரு. குவெக், நீங்கள் செய்தது எனக்குப் புரிகிறது. ஆனால் எழுத்துமூலமான புகார் ஒன்று இருக்கிறது. இன்று நானே என் காதால் கேட்டுவிட்டேன். மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வேன்? மன்னித்துவிடுங்கள்."

"பரவால்ல லா," என்றார் பூன் ஹொக். பரவாயில்லாமல் இல்லை. திங்கட்கிழமை காலையில் எழுந்து எங்கே போவது என்று யோசித்தபடியே வாசலில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன புகாரு? இந்தாளு மேலயா?" என்று மேடம் யோ கேட்டாள்.

"ஆம், அம்மையீர். இவர் போனில் பேசும் விதத்தைப் பற்றி." ஜொவினா பையிலிருந்து புகார்த் தாளை எடுத்துப் படித்தாள். "'அந்த மனிதர் என்னிடம் போனில் இப்படியெல்லாம் பேசுவது நன்றாக இல்லை. கண்டித்துவையுங்கள். மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை.'" படித்து முடித்த பிறகுதான், அன்று விரலால் மறைத்த அந்தப் பெயர் யாருடையது என்று அவளுக்கு உறைத்தது.

"அட, அது நான் எழுதினது லா!" என்றாள் மேடம் யோ. "இவரப் பத்தி எங்க எழுதினேன்? ஒங்க நம்பர்லேருந்து எங்க வீட்டுக்காரர் கொரல் அப்படியே வந்து, 'சாப்டாச்சா, புது எடத்துல ஏசி இருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள ரெடியா இரு'ன்னு கூப்டுச்சு. அவர் ஒங்க எடத்துலதான இருக்காரு, நான் இன்னும் வர்றதா இல்லன்னு நீங்களாவது அவரக் கண்டிச்சு வைப்பீங்கன்னுதான் எழுதிப் போட்டேன்!"