வெண்டலின் வலது புருவம்

"சர்ச் விற்பனைக்குச் செஞ்சு வெச்ச பூசணி கேக்கை யார் தின்னது?" என்று சமையலறையிலிருந்து லொரெட்டா கேட்டாள்.

"நாய்" என்றான் வெண்டல்.

அவன் மனைவி லொரெட்டா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"நமக்கு நாய் ஏது, வெண்டல்?"

வெண்டல் இதை யோசித்திருக்கவில்லை. பொய் சொல்வதில் அவனுக்கு அன்றுதான் முதல் நாள். லொரெட்டா அவன் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை, முகத்தைத்தான் பார்த்தாள். அவனுடைய வலது புருவம் நெற்றியில் பாதி தூரம் ஏறி நின்றது. "ம்ம்" என்று சொல்லிவிட்டுப் புதிதாக மாவு எடுக்கப் போய்விட்டாள்.

கேக் மேல் வெண்டலுக்கு அப்படியொன்றும் ஆசை கிடையாது. அதைத் தின்றது தொழிலுக்காக.

வெண்டல், கெண்டல்ஃபோர்ட் வான்கோழிகள் என்ற பேஸ்பால் அணியின் பந்து வீச்சாளன். ஓர் அணிக்கு வான்கோழிகள் என்று பெயர் வைத்தவர்கள் பெரிய வெற்றிகளை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் வெண்டல் அந்த சீசனில் வாங்கிய அடியை அவர்களும் எதிர்பார்க்கவில்லை. அவன் போட்ட பந்தெல்லாம் வேலியைத் தாண்டி, கார் நிறுத்தும் இடத்தில்தான் போய் விழுந்தது. அவன் ஆடும் நாளில் ஊர்க்காரர்கள் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தப் பழகிவிட்டார்கள்.

சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் கஸ் மலோய் அவனை அறைக்குக் கூப்பிட்டு, ஆட்டங்களின் வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

"பாரு. வேகமாப் போடறப்ப மூஞ்சி சும்மா கெடக்கு. மெதுவா போடப் போறப்ப மட்டும் புருவம் மேல ஏறுது. எதிராளி அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோச்சுடா."

"நான் என்ன பண்றது கோச்?"

"வேகமா வரும்னு நம்ப வெச்சு மெதுவா போடறதுக்குப் பேர் என்ன? பொய். உனக்குப் பொய் சொல்ல வரல, அதான் வியாதி. குளிர்காலம் பூரா வீட்டுல உக்காந்து பொய் சொல்லு. பொண்டாட்டியையே ஏமாத்திட்டேன்னா, மட்டை தூக்கிட்டு வர்றவன் எம்மாத்திரம்?"

"கண்ணாடி முன்னாடி நின்னு பழகட்டுமா?"

"கண்ணாடி பக்கமே போகாத. அதுகிட்ட எவன் வேணாலும் பொய் சொல்லுவான்."

இது வெண்டலுக்குச் சிரமமில்லை. அடுத்த வெற்றி வரும்வரை தாடி மழிப்பதில்லை என்று ஏற்கெனவே சபதம் எடுத்திருந்தான். கண்ணாடியில் அவனுக்கு வேறு வேலையும் இருக்கவில்லை.

வசந்தகாலப் பயிற்சி முகாமில் ஒரே ஒரு ஆட்டம் தருவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. அதிலும் தோற்றால் மைத்துனன் டேலின் லாரிதான் கதி. ஊரில் உள்ள கழிவுத்தொட்டிகளையெல்லாம் குழாய் விட்டு உறிஞ்சுகிற லாரி. டேல் நல்லவன். தங்கை புருஷனுக்கென்று, நெஞ்சில் 'வெண்டல்' என்று பெயர் தைத்த சட்டையை இப்போதே வாங்கி வைத்திருந்தான். அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னபோதெல்லாம் வெண்டல் பேச்சை மாற்றினான். பந்து வீசும் மேட்டில் ஏறி நிற்கும்போதுதான் அவனுக்குத் தான் ஓர் ஆள் என்று தோன்றும். அடி வாங்கிக்கொண்டு நிற்கும்போதும்கூட அப்படித்தான் தோன்றும்.

ஆகவே கேக் விஷயத்தை அன்று அவன் அப்படியே விடவில்லை. சமையலறைக்குப் போனான்.

"நாய் இருக்கு. உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு கார் ஷெட்டுல ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"அப்படியா? அடுப்புல கேக்கை வெச்சுட்டு வந்து பாக்கறேன்."

வெண்டல் காரை எடுத்துக்கொண்டு அனாதை நாய்கள் காப்பகத்துக்குப் பறந்தான். அங்கே மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. கன்றுக்குட்டி உயரம். அதற்கு யாரோ 'பொடியன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களும் பொய் பழகியவர்களாக இருக்க வேண்டும்.

லொரெட்டா வந்து பார்த்தாள். பொடியன் அதற்குள் காரின் பின்சீட்டைப் பாதி தின்றிருந்தது.

"இதுதான் கேக்கைத் தின்னுச்சா?"

"ஆமா."

"தாடியில பூசணி ஒட்டியிருக்கு, தொடைச்சுக்க."

அதன்பின் நாளொரு பொய்யும் பொழுதொரு புளுகுமாக நவம்பர் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டையே நம் பேருக்கு எழுதி வைக்கப் போகிறார் என்றான். தபால்காரர் ரஷ்ய உளவாளி என்றான். ஒன்றுகூட விலை போகவில்லை. லொரெட்டா முகத்தைப் பார்த்து "ம்ம்" என்பதோடு சரி.

மாதக் கடைசியில், வான்கோழி சமைத்துக் கொண்டாடும் நன்றி நாள் விருந்துக்கு டேலும் மாமியார் பெர்னிஸும் வந்தார்கள். பெர்னிஸ் கொண்டுவந்த கிரான்பெர்ரிப் பழச் சாஸை வெண்டல் ஒரு வாய் எடுத்துப் பார்த்தான். சொர்க்கமாக இருந்தது. அன்று ஒரு நாளாவது பொய்க்கு விடுமுறை விடலாம் என்று மனதார வாயைத் திறந்தான்.

"அத்தே, இந்த மாதிரி ஒரு சாஸ் நான் ஜென்மத்துல சாப்பிட்டதில்ல."

பெர்னிஸ் அவன் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லலாம் மாப்ளே. நான் ஒண்ணும் அழுதுட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அவளைச் சமாதானப்படுத்த எல்லாரும் கூடத்துக்குப் போன நேரத்தில் மேஜைமேல் இருந்த வான்கோழி காணாமல் போயிற்று. முதலில் திரும்பி வந்த வெண்டல், பொடியன் கடைசிக் காலை விழுங்குவதைக் கண்ணால் பார்த்தான்.

"நாய் தின்னுடுச்சு!" என்று கத்தினான்.

மூன்று பேரும் வாசலில் நின்று அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"முழுசாவா, வெண்டல்?" என்றாள் லொரெட்டா, மெல்லிய குரலில்.

"மச்சானுக்குப் பசி" என்றான் டேல் பரிவோடு. "லாரி வேலைக்கு இந்த மாதிரி ஒடம்புதான் வேணும்."

அன்றிரவு கஸ்ஸுக்குப் போன் போட்டான்.

"ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க கோச்."

"எதை?"

"எதையுமே!"

"அப்ப பத்தல. இன்னும் பெரிசா சொல்லு."

வெண்டல் இன்னும் பெரிதாகச் சொன்னான். ஆனால் குளிர் ஏற ஏற ஊரே அவனிடம் ஒரு மாதிரியாக நடக்க ஆரம்பித்தது. மளிகைக் கடைப் பெண் மீதிச் சில்லறையை அவன் கையில் வைத்துவிட்டு, "சந்தேகமா இருந்தா எண்ணிக்குங்க, என்னை அப்படிப் பாக்காதீங்க" என்று சிடுசிடுத்தாள். சர்ச்சில் முன்வரிசையில் பக்தியோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பாதிரியார் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி, "ஆட்சேபணை இருந்தா அப்புறமா என்னை வந்து பாருங்க" என்றார். வெண்டலுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் பொய்களின் புகழ் ஊரெல்லாம் பரவிவிட்டது என்று எண்ணிக்கொண்டான்.

ஒருநாள் காலை லொரெட்டா காப்பி ஊற்றும்போது ஜன்னல் வெளிச்சத்தில் அவ்வளவு அழகாக இருந்தாள். வெண்டலுக்கு மனசு நிறைந்துவிட்டது.

"லொரெட்டா, எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"சரி. என்னத்தை உடைச்சே?"

மார்ச் மாதம் முகாமிலிருந்து அழைப்பு வந்தது. அதைச் சொன்னபோதும் அவள் நம்பவில்லை. "அழைப்பு வரலைன்னா வரலைன்னு சொல்லு. டேல்கிட்ட நான் பேசிக்கறேன். நாம ஒண்ணும் பட்டினி கெடக்க மாட்டோம்" என்று அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்தத் தடவலைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, பொடியனைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குப் பஸ் ஏறினான்.

முகாமில் கஸ் அவனைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"உன் மூஞ்சியில ஏதோ மாறியிருக்கு. என்னன்னுதான் தெரியல."

"தாடி, கோச்."

"ஆ, தாடி. வீட்டுல எப்படி, ஏமாத்திட்டியா?"

வெண்டல் தலையைக் குனிந்தான். "ஒரு தடவைகூட இல்ல."

கஸ் பெருமூச்சு விட்டார். "போ. போய்ப் போடு. என்ன ஆகுதோ ஆகட்டும்."

முதல் ஆள் மட்டையோடு வந்து நின்று, வழக்கம்போல வெண்டலின் முகத்தைப் பார்த்தான். புன்னகைத்தான். மெதுவான பந்துக்குத் தயாரானான். பந்து காதோரம் விர்ரென்று பறந்து போயிற்று. அடுத்த பந்துக்கும் முகத்தைப் பார்த்தான், இந்த முகத்துக்கு வேகப்பந்துதான் என்று அவசரப்பட்டுச் சுழற்றினான். பந்து அப்புறம்தான் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. மூன்றாவதற்கு அவன் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றியதாகத் தெரிந்தது. அடுத்து வந்தவனும் அப்படியே. அதற்கடுத்தவன் மட்டையைத் தரையில் அறைந்தான்.

"இவனை நம்பவே முடியலடா!"

வெண்டலுக்கு அதைவிட இனிமையான வார்த்தையை யாரும் சொன்னதில்லை. ஆட்டம் முடிந்தபோது பந்து ஒன்றுகூடக் கார் நிறுத்துமிடத்துக்குப் போகவில்லை. கஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"கல்லுடா, உன் மூஞ்சி! கல்லு! வர்ற சீசன்ல முதல் ஆட்டம் உனக்குத்தான்!"

தாடியை லொரெட்டா கையாலேயே மழிக்க வேண்டும் என்று, அப்படியே பஸ் ஏறி ஊருக்கு வந்தான். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் நுழைந்தால், சமையலறையில் லொரெட்டா, டேல், பெர்னிஸ் மூவரும் துக்க வீட்டில் போல உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் பெயர் தைத்த சட்டை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது.

"ஜெயிச்சுட்டேன்! முதல் ஆட்டமே எனக்குத்தான்னு சொல்லிட்டாங்க!"

மூன்று பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். பெருமூச்சு விட்டார்கள்.

"திங்கக்கெழமையிலிருந்து வந்தாப் போதும் மச்சான்" என்று டேல் சட்டையை நீட்டினான்.

"சத்தியமாடா! லொரெட்டா, நீயாவது நம்பு!"

"நம்பறேன் வெண்டல்" என்றாள் லொரெட்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பரவாயில்ல, விடு."

வெண்டலுக்கு ஆவேசம் வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி மேஜைமேல் அடித்தான்.

"உங்களுக்கெல்லாம் என்னதான் வேணும்? அங்க ஒருத்தனாலயும் என் மூஞ்சியைப் படிக்க முடியல! வேகமா, மெதுவான்னு தெரியாம மட்டையைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடினானுங்க! அஞ்சு மாசம் பாடுபட்டு இந்தப் புருவத்தை அடக்கியிருக்கேன்!"

மாமியார் பெர்னிஸ் எழுந்து அருகில் வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவன் நெற்றியை நிதானமாகப் பார்த்தாள்.

"அடக்கினீங்களா? நவம்பர்ல மேல ஏறினது மாப்ளே, இன்னும் எறங்கவே இல்லையே!"