காணாமற்போன ‘பிர’

அன்பும் மரியாதையும் கொண்ட சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்குக்கூட வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதவர். சிரித்தால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்லிவிடுவார். அலுவலக மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள், கிழித்ததை ஒரே கூடையில் போடாதீர்கள். நீங்களும் சித்தப்பாவும் வாண்டுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியாமல் நடக்கிறாள், மற்றபடி சுகம். எனக்குத்தான் சுகமில்லை. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

சட்டசபை அவைக்குறிப்பு அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது உங்கள் பிரிவுதானே? அதில் அப்பாவின் பேச்சு வரும். எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் ‘சவ அறை’க்கு விளக்கு வேண்டும் என்று அப்பா கேட்டதாக இருக்கும். சித்தி, அது சவ அறை இல்லை, பிரசவ அறை. முன்னால் ‘பிர’ என்ற இரண்டே எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்வீர்கள் என்றால் இங்கேயே முடித்துவிடுவேன். ஆனால் நீங்கள் அம்மாவின் தங்கை, கேட்காமல் விடமாட்டீர்கள்.

சமயத் தலைவர்களுக்கென்று சபையில் ஒதுக்கிய இருக்கையில் அப்பா எப்படிப் பேசுவார் என்று உங்களுக்கே தெரியும். எழுவார், உலக அமைதி வேண்டும் என்பார், உட்காருவார், அமைச்சரும் ஆவன செய்யப்படும் என்பார். இந்த முறைதான் வினை. அக்காவைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனவர், பிரசவ அறையில் ஒரு தாய்க்கு ஆசீர்வாதம் சொல்ல எட்டிப் பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. பெரிய சிஸ்டர் கைப்பேசி விளக்கை அவர் கையில் திணித்து, “ஐயா, ஆசீர்வாதத்தை அப்புறம் பார்த்துக்கலாம், இதை மேல தூக்கிப் பிடிங்க” என்று அதட்டியிருக்கிறார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி, பிள்ளை பிறந்து அழும்வரை விளக்குப் பிடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. “நாளைக்கு நம்ம பொண்ணும் அங்கதானே படுக்கணும்” என்று மட்டும் சொன்னார். பிறகு என்னை உட்காரவைத்துப் பேச்சை எழுதச் சொன்னார்.

கண்ணாடி போட்டால் தொலைக்காட்சியில் கிழவராகத் தெரிகிறாராம், அதனால் எழுத்து ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவுக்கு இருக்க வேண்டும். நெல்லிக்காய் அளவுக்கு எழுதினால் ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி பிடிக்கும்? ஒரு பக்கத்தின் அடியில் இடம் போதாமல் ‘பிர’ என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தின் தலையில் ‘சவ அறை’ என்று தொடங்கினேன். தூக்கக் கலக்கம் சித்தி. மறுநாள் எனக்குக் கணக்குத் தேர்வு. அதற்குப் பிறகு வந்த இடத்திலெல்லாம் ‘அங்கே’, ‘அந்த அறையில்’ என்று போட்டேன். சொன்னதையே சொன்னால் சபை தூங்கிவிடும் என்று அப்பாதான் சொன்னார்.

நாங்கள் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அப்பா ‘பிர’ என்றார், பக்கத்தைத் திருப்பினார், இருமினார், தண்ணீர் குடித்தார். ‘பிர’வும் இருமலோடு இருமலாகப் போய்விட்டது. பிறகு சபையே அதிர, “சவ அறையில் விளக்கு எரிவதில்லை!” என்றார். அவர் நிறுத்தவில்லை. அங்கே படுத்திருப்பவர்கள் வலி தாங்காமல் அலறுவது வாசல்வரை கேட்கிறது என்றார். ஒருத்தியாக உள்ளே போகிறவள் இரண்டு பேராக வெளியே வர வேண்டாமா என்றார். கணவன்மார்கள் வாசலில் நின்று, ஆணா பெண்ணா என்று தெரியாமல் தவிக்கிறார்கள் என்றார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சமயத் தலைவர் பேசினால் அதில் ஏதோ உட்பொருள் இருக்கும் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு உறுப்பினர் குறிப்பு எடுத்ததை நானே பார்த்தேன்.

அதோடு விட்டதா? அப்பா பகல் என்றால் இரவு என்கிற தாடிப் பெரியவர் எழுந்து, “நண்பர் சொல்றதை முதல் தடவையா நான் ஏத்துக்கறேன். போறவங்களை இருட்டுல அனுப்புறது எந்தச் சமயத்துக்கும் அழகில்ல” என்றார். சபைக்கு வந்த நாளிலிருந்து வாயே திறக்காத இன்னொரு பெரியவர் இருக்கிறாரே, நாங்கள் மௌனப் பெரியவர் என்போமே, அவரும் எழுந்து மேசையைத் தட்டி “விசிறியும் வேணும்!” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சுகாதார அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாத்திரை கேட்டபோதும் கட்டில் கேட்டபோதும் நர்ஸ் கேட்டபோதும் பரிசீலிக்கிறோம் என்றவர், அங்கேயே, நின்ற நிற்பில், ஜெனரேட்டர், விளக்கு, விசிறி எல்லாம் சவ அறைக்கு உடனே போகும் என்று அறிவித்துவிட்டார். அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “உயிரோட இருக்கறவங்களுக்குக் கேட்டிருந்தா ஒரு கமிட்டி போட்டிருப்பாங்க” என்றாள்.

அப்பா ஊர் திரும்பியபோது அம்மா வாசலிலேயே, “சவத்துக்கு விசிறி வாங்கிக் குடுத்த மகான் வர்றாரு, வழி விடுங்கடி” என்று வரவேற்றாள். அப்பா கொஞ்சமும் அசரவில்லை. “வாயில வந்தது. வரவேண்டியதுதான் வந்தது” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான், அது ஊர் முழுக்கப் பரவி, அப்பாவுக்கு மேலிருந்து வாக்கு வந்ததாக ஆகிவிட்டது. வழிபாட்டுக் கூட்டத்தில் அப்பாவும் இறந்தவர்களின் வெளிச்சம் என்று நெடுநேரம் பேசினார். சவ அறைக் காவலர் முன்வரிசையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி யாரும் பேசியதே இல்லையாம்.

நேற்றுப் பெரிய சிஸ்டர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார். “ஐயா, செத்தவங்க ஒருத்தர்கூட இருட்டா இருக்குன்னு எங்கிட்ட புகார் சொன்னதில்ல. நான் இன்னும் எத்தனை நாளைக்கு வாயில டார்ச்சைக் கவ்விக்கிட்டுத் தொப்புள்கொடி வெட்டுறது?” என்றார். ஜெனரேட்டர் லாரியில் வந்து முற்றத்தில் நிற்கிறதாம். ஒயர் இழுக்கும் ஆட்கள் தலைநகரிலிருந்து நாளை மறுநாள் வருகிறார்களாம். கண்காணிப்பாளர் டாக்டரைக் கேட்டால், “உத்தரவுல சவ அறைன்னு இருக்கு. நான் ஒரு ஒயரை நகர்த்தினா தணிக்கையில என்னை நகர்த்திடுவாங்க. அவைக்குறிப்பைத் திருத்திட்டு வாங்க” என்கிறாராம். அதைக் கேட்டதும்தான் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

அப்பாவிடமே சொல்லலாமே என்பீர்கள். அப்பா அடிக்க மாட்டார் சித்தி. மன்னிப்பார். கூட்டத்துக்கு நடுவில் என்னை எழுப்பி நிறுத்தி, மைக்கில் மன்னிப்பார். என் கணக்கு டீச்சர் அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர். அதையும் பொறுத்துக்கொள்வேன், ஆனால் மேலிருந்து வந்த வாக்கு என் பக்கத்தின் ஓரத்தில் இடமில்லாமல் வந்தது என்று தெரிந்தால் அப்பா எந்த முகத்தோடு மறுபடி சபையில் எழுந்து நிற்பார்?

அக்கா பகலெல்லாம் சிரிக்கிறாள். “வலி எடுத்தா பகல்லதான் எடுக்கணும்னு உள்ள இருக்கறதுகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்டி” என்கிறாள். ராத்திரியானால் தூங்குவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறாள், நிற்கிறாள், மறுபடி நடக்கிறாள். இப்போதும் நடக்கிறாள். அந்தச் சத்தம் நின்றால் எனக்குப் பயம், நிற்காவிட்டாலும் பயம். அதனால்தான் கேட்கிறேன். இரண்டே எழுத்து. ‘பி’யும் ‘ர’வும். காலையில் அப்பாவின் டிரைவர் அண்ணன் காகிதங்களோடு தலைநகருக்கு வருகிறார், அவரிடம் இதை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், வாண்டுகளுக்கு முத்தம், உங்கள் கண்வலி சீக்கிரம் குணமாக வேண்டும், ஆனால் எனக்காக இந்த ஒரு பக்கத்தைத் திருத்திய பிறகு ஓய்வெடுங்கள்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
அக்காவின் சின்ன மகள்

பின்குறிப்பு: சித்தி, எதையும் திருத்தாதீர்கள்! ‘பிர’வைத் தொடவே தொடாதீர்கள்! தண்ணீர் குடிக்கப் போனேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. உள்ளே அப்பா, அம்மா, பெரிய சிஸ்டர், சவ அறைக் காவலர், நாலு பேரும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பாவுக்கு எல்லாம் தெரியும்! “உட்கார்ந்ததுமே பக்கத்தோட அடியில ‘பிர’ன்னு ஒத்தையா நிக்கிறதைப் பார்த்துட்டேன். எழுந்து திருத்தலாம்னா அதுக்குள்ள அமைச்சர் ஜெனரேட்டர்னுட்டார். திருத்தினா அதையும் திருப்பி வாங்கிக்குவாரு” என்கிறார். அம்மா, “அப்ப வாயில வந்ததுன்னு ஊரையே ஏமாத்தினீங்களா?” என்றாள். “ஏமாத்தினேனா? வாயிலதானே வந்துச்சு, வேற எங்க வந்துச்சு?” என்றார் அப்பா. இன்று ராத்திரியே இரண்டு அறைகளின் பெயர்ப்பலகையையும் மாற்றி மாட்டப் போகிறார்கள். ஒயர் ஆட்கள் வெளியூர்க்காரர்கள், சவ அறை என்று எங்கே எழுதியிருக்கிறதோ அங்கேதான் இழுப்பார்கள். பலகையில் இருப்பதுதான் தனக்குத் தெரியும் என்று டாக்டரும் சொல்லிவிட்டாராம். காவலர், “ஒரே ஒரு பல்பு மட்டும் எனக்கு விட்டுடுங்கய்யா” என்று கேட்டு, அதற்கும் அப்பா சரி என்றுவிட்டார். இப்போது நீங்கள் ‘பிர’வைச் சேர்த்தால் உத்தரவு மாறும், உத்தரவு மாறினால், பலகைகள் இடம் மாறியிருப்பதால் எல்லா வெளிச்சமும் மறுபடி பிணங்களுக்கே போய்விடும்! நீங்களாகவே கண்டுபிடித்துத் திருத்திவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். இன்னொன்று. அப்பா கடைசியில், “சின்னவளுக்குத் தெரிய வேணாம், தன்னாலதான்னு பயந்துடுவா” என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்து ஓடி வந்துவிட்டேன். ஓடும்போது சொம்பைத் தட்டிவிட்டேனோ என்று

கதவைத் தட்டுகிறார்கள் சித்தி. அப்பாவின் செருமல். “தூங்கிட்டியாம்மா? அந்தப் பெயின்ட் பிரஷ் எங்க வெச்ச, போர்டுல எழுத்து கொஞ்சம்