கபாலபுரியின் நேர்நடைச் சட்டம்

கபாலபுரி என்றொரு நாடு. எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டாம், தொப்பிக்குக் கீழேதான். தேர்தலில் ஜெயித்து அங்கே ராஜாவானவர் சித்திரசேனர். கோட்டை முகப்பில் இரண்டு காவல் கோபுரங்கள். அங்கிருந்து வரும் சேதி இரண்டு பாதைகளில் பிரிந்துபோகும். கீழ்ப்பாதை பெயர் இலாகாவுக்கு. அது 'இது மாடு, இது மாமா' என்று ஊருக்குச் சொல்லும். மேல்பாதை நடை இலாகாவுக்கு. அது எதற்கும் பெயர் வைக்காது. கையையும் காலையும் தக்கபடி நகர்த்திவிட்டுச் சும்மா இருந்துவிடும். பேசாத இலாகா என்பதால், அப்படியொன்று இருப்பதே அரண்மனைக்குத் தெரியாது.

தேர்தல் நெருங்கும் நேரத்தில் தேர்வீதியில் பெரிய பள்ளம் விழுந்தது. அதை மூட மண் வேண்டும், ஆள் வேண்டும். அந்தத் தொல்லை எதற்கு என்று, பள்ளத்தின் சேதி மட்டும் போகாதபடி ராஜா கீழ்ப்பாதையை அடைத்துவிட்டார். பள்ளம் என்று சொல்ல ஆளில்லை. ஆகவே பள்ளமும் இல்லை.

ஆனால் அந்த இடம் வந்ததும் ஜனங்கள் ஒதுங்கி நடந்தார்கள். கேட்டால், "நாங்க ஒண்ணும் பாக்கலையே" என்றார்கள். அது பொய்யும் இல்லை. மந்திரி மார்த்தாண்டர் நேர்நடைச் சட்டம் கொண்டுவந்தார்: ஒதுங்குவது ராஜத்துரோகம். பயந்துபோய்க் காலை வலுக்கட்டாயமாக நேரே வைத்தவர்களுக்குக் கால் முறிந்தது. காரணமின்றி முறிந்த காலுக்கு வைத்தியம் கிடையாது என்று அடுத்த சட்டம் வந்தது.

செங்கமலம் என்பவள் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒதுங்கி மாட்டிக்கொண்டாள். ஊர் பார்க்க, குழந்தையோடு அதே வழியில் நேராக நடக்க வேண்டும் என்பது தண்டனை. ராஜாவும் வந்திருந்தார்.

"காணாத ஒன்றிலிருந்து ஏன் விலகினாய்?" என்றார் மந்திரி.

"தெரியலைங்க. காலு தானா ஒதுங்கிருச்சு." அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "நேரா நடக்கிறது எப்படின்னு மகாராசா ஒருவாட்டி நடந்து காட்டட்டுங்க. அதே மாதிரி நடந்துடறேன்."

"இதென்ன பிரமாதம்" என்று ராஜா கிளம்பினார். நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே இருந்தது. பாதி வழியில் கால் மட்டும் அழகாக ஒதுங்கி, சுற்றிக்கொண்டு அக்கரை சேர்ந்தது. ராஜாவுக்கே அது தெரியாது. மந்திரிக்குத் தெரிந்தது. ராஜாவையே ராஜத்துரோகி என்று சொல்ல முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாமன்னர் நடந்ததே நேர்நடை. இது அரசாணை."

செங்கமலம் அதே நேர்நடையில் பள்ளத்தைச் சுற்றி வந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று ஊரே மூச்சுவிட்டது.

பள்ளத்தை இன்னும் மூடவில்லை. பள்ளமில்லா நாடு என்று சொல்லித்தான் ராஜா ஓட்டுக் கேட்டார். ஜனங்களும் குறையொன்றும் கண்ணில் படவில்லை என்றே சொன்னார்கள். தேர்தலன்று பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு சாவடிக்குப் போனார்கள். ராஜாவின் சின்னத்துக்கு நேராகத்தான் கையை நீட்டினார்கள். பக்கத்தில் போனதும் கை தானாக ஒதுங்கிக்கொண்டது.